காதும் களமும்
போட்டி வீடியோ விளையாட்டில் ஹெட்போன் தெரிவு – ஒரு வரலாற்று நோக்கு

ஹெட்போன் என்றவுடன் இசையை நினைப்பது இன்றைய வழக்கம். ஆயின் இக்கருவியின் வரலாற்றை நோக்குமிடத்து, இசை அதனுட் பிந்தி வந்து சேர்ந்த ஒன்றென்பது புலனாகும். முதலில் அதனைத் தலையில் ஏந்தியோர் தொழிலாளரே. 1880களில் தொலைபேசி இணைப்பு நிலையங்களிற் பணியாற்றியோர் தோளிற் சுமந்த ஒற்றைக் காதுக் கருவி பல இறாத்தல் நிறையுடையதாயிருந்தது. 1910ஆம் ஆண்டில் யூட்டாவைச் சேர்ந்த நதானியேல் போல்ட்வின் தமது வீட்டுச் சமையலறையில் இணைத்த இரட்டைக் காதுக் கருவியை விரும்பி வாங்கியது அமெரிக்கக் கடற்படை. கம்பியில்லாத் தந்தியின் நலிந்த ஒலியைப் பிற ஒலிகளினின்றும் பிரித்தறிவதே அதன் நோக்கமாகும். அதாவது, இன்பத்திற்காகவன்றித் தகவலுக்காகவே மனிதர் முதலில் தம் காதுகளை மூடிக்கொண்டனர். போட்டி வீடியோ விளையாட்டாளர் ஒருவர் ஹெட்போனைத் தெரிவு செய்யும் முறையை விளங்கிக்கொள்வதற்கு இவ்வுண்மை இன்றியமையாதது. ஏனெனில் அவர் இசை இரசிகரின் வாரிசு அல்லர். கம்பியில்லாத் தந்தியாளரின் வாரிசே ஆவார்.

தகவல் என்பதனுள் இங்கு முதன்மையானது திசையாகும். இரு காதுகளுக்கும் வெவ்வேறு ஒலியை வழங்கினால் ஒலி பிறக்கும் இடத்தையும் உணரலாம் என்பது 1881இல் பாரிஸ் மின்னியற் கண்காட்சியில் வெளிப்பட்டது. ஒப்பெரா அரங்கின் மேடையில் கிளெமென்ட் ஆடெர் பரப்பி வைத்த ஒலிவாங்கிகளின் வழியே, கண்காட்சி மண்டபத்திலிருந்தோர் காதுக்கு ஒன்றாக இரு கருவிகளைப் பிடித்துப் பாடலைச் செவிமடுத்தனர். பாடகர் மேடையில் நடப்பதைக் காதாலேயே பின்தொடரலாம் என்பதே அவர்களை வியப்பில் ஆழ்த்தியது. இதற்கான பௌதிக விளக்கத்தை 1907இல் றேலி பிரபு அளித்தார். தாழ்ந்த சுரங்களில் ஒலி ஒரு காதை மற்றக் காதினும் முந்தி அடைவதும், உயர்ந்த சுரங்களில் தலையின் நிழலால் ஒரு காதில் ஒலி நலிவதுமே திசையுணர்வின் இரு தூண்கள் என்பது அவர் கொள்கை. அந்த நேர வேறுபாடு மிக அதிகமாயினும் ஏறத்தாழ 0.65 மில்லிசெக்கன் மட்டுமே. அதனிலும் பன்மடங்கு சிறிய வேறுபாட்டையும் காது அறியும். முதலாம் உலகப் போரிற் பெரும் ஊதுகுழல்களுடன் காதுகளை இணைத்து, கண்ணுக்குத் தெரியாத வானூர்தியின் திசையை அளந்த படைவீரர் இவ்வாற்றலையே பயன்படுத்தினர். ராடர் வந்தபின் அக்கலை மறைந்தது. மறைந்த அக்கலை விளையாட்டாகத் திரும்பி வரும் என எவரும் எதிர்பார்த்திருக்கவியலாது.

இசைக்கான வரலாறு வேறு வழியிற் சென்றது. 1937இல் பேர்ளினில் ஓயென் பெயரின் நிறுவனம் வெளியிட்ட டீ.ரீ. 48, 1958இல் மில்வாக்கியில் ஜோன் கொஸ் காட்டிய ஸ்டீரியோ ஹெட்போன், 1968இல் சென்ஹைசர் வெளியிட்ட திறந்த அமைப்புடைய எச்.டி. 414 ஆகியன அதன் மைல்கற்கள். இவற்றுள் இறுதியானதை மட்டும் இங்கு மனங்கொள்ளல் வேண்டும். காதின் வெளிப்புறத்தை இறுக மூடாது காற்றோட்டத்துக்கு இடமளித்தமையால், ஒலி தலைக்குள் அடைபட்டிருப்பது போன்ற உணர்வு அதிற் குறைந்தது. திறந்ததா மூடியதா என்ற வினா அன்று இசை இரசிகரின் வினாவாகவே இருந்தது. பின்னர் அது களத்தின் வினாவாயிற்று.

வீடியோ விளையாட்டின் பக்கம் திரும்பின், 1972 ஒக்ரோபரில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் நடைபெற்ற ஸ்பேஸ்வோர் போட்டியில் வெற்றியைத் தீர்மானித்தவை கண்ணும் கையுமே. காது களத்திற்குள் நுழைவதற்கு, ஆட்டக்காரர் பாத்திரத்தின் கண்வழியே உலகைப் பார்க்கும் விளையாட்டுகள் தோன்ற வேண்டியிருந்தது. 1993இல் வெளிவந்த டூம் எதிரியின் ஒலியை இடம் வலமாகப் பிரித்து வழங்கியது. திரையில் தோன்றுவது முன்னாலுள்ள ஒரு துண்டு மட்டுமே. எஞ்சிய வெளி முழுவதும் காதின் ஆட்சிக்குரியது. 1996இல் குவேக், 1999இல் அதன் மூன்றாம் பாகம் என இப்போக்கு முதிர்ந்தது. மூன்றாம் பாகத்தில் எடுக்கப்பட்ட கவசம் 25 செக்கனின் பின் அதேயிடத்தில் மீண்டும் தோன்றும். சுவருக்கப்பால் எதிரி அதனை எடுக்கும் ஒலியைக் கேட்டவர், அவன் எங்குள்ளான் என்பதையும், அவ்விடத்துக்குத் தாம் எப்போது திரும்ப வேண்டும் என்பதையும் ஒருங்கே அறிந்தார். கேட்கத் தவறியவர் இரண்டையும் இழந்தார்.

எனினும் காதை விதியாகவே மாற்றியது கவுண்டர் ஸ்ட்ரைக் எனலாம். 1999இல் வேறொரு விளையாட்டின் மாற்று வடிவமாகத் தோன்றி, 2000இல் தனி வெளியீடான இவ்விளையாட்டில், ஓடுபவரின் காலடி எதிரிக்குக் கேட்கும். மெல்ல நடப்பவரின் காலடி கேட்பதில்லை. விரைவுக்கு விலை ஒலி. மௌனத்துக்கு விலை காலம். இச்சிறு விதியொன்றினால் ஒவ்வோர் அடியும் ஒரு முடிவாயிற்று. துப்பாக்கிக்குக் குண்டு நிரப்பும் ஒலி, தொலைநோக்கியைத் திருகும் ஒலி, வைக்கப்பட்ட வெடிகுண்டின் துடிப்பு யாவும் செய்திகளாயின. ஹெட்போனின்றி ஒலிபெருக்கியுடன் அமர்ந்தவர் பாதிக் கண்ணை மூடிக்கொண்டு ஆடியவராவார்.

இங்கு ஒரு சிக்கல் எழுகின்றது. இடம் வலமாக ஒலியைப் பகிர்வது மட்டும் திசையை முழுமையாகக் காட்டாது. முன்புறம் 30 பாகையிலும் பின்புறம் 150 பாகையிலும் பிறக்கும் இரு ஒலிகள் காதுகளை ஏறத்தாழ ஒரே நேர வேறுபாட்டுடனேயே அடைகின்றன. இயற்கையில் இக்குழப்பத்தைத் தீர்ப்பவை தலையின் அசைவும், புறச்செவி மடிப்புகள் உயர்ந்த மீடிறன்களில் ஏற்படுத்தும் மாற்றங்களுமாம். அம்மாற்றங்களைக் கணித்து ஹெட்போனில் மீளப் படைக்கும் முயற்சி 1980களின் இறுதியில் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தை ஒட்டி நடைபெற்றது. அதன் வழிவந்த ஓரியல் நிறுவனம் 1997இல் ஏ3டி எனும் முறையைத் தனியார் கணினிகளுக்குக் கொணர்ந்தது. 1998இல் வெளிவந்த ஹாஃப்-லைஃப் அதனை ஏற்றது. அதே ஆண்டில் கிரியேட்டிவ் நிறுவனம் உரிமைப் பத்திர வழக்குத் தொடர்ந்தது. 1999இல் ஓரியல் வழக்கில் வென்றது, 2000இல் வங்குரோத்தாயிற்று, அதன் சொத்துகளை வாங்கியதும் எதிர்வழக்காடிய நிறுவனமே. நீதிமன்றத்தில் வென்றோர் சந்தையில் தோற்பது புதுமையன்று. கவனிக்கத்தக்கது, 2016 டிசெம்பரிலேயே கவுண்டர் ஸ்ட்ரைக் இத்தகைய ஒலிமுறையைத் தன்னுட் சேர்த்துக்கொண்டது என்பதாகும். வலரன்ட் 2021இற் சேர்த்தது.

இடைப்பட்ட காலத்தை நிரப்பியது விளம்பரம். காதொன்றுக்குப் பல சிறு ஒலிபெருக்கிகளைப் பொருத்தியும், 7.1 என்னும் எண்ணைப் பெட்டியில் அச்சிட்டும் பல கருவிகள் விற்கப்பட்டன. காதுக்கு மிக அண்மையில் நெருங்கியிருக்கும் சிறு ஒலிபெருக்கிகள், அறையில் எட்டு இடங்களில் நிற்கும் ஒலிபெருக்கிகளுக்கு ஈடாகா. நல்ல இரட்டை ஒலிக் கருவியும் விளையாட்டினுள்ளேயே செய்யப்படும் கணிப்புமே போதுமானவை. விளையாட்டு ஒருமுறை கணித்த திசையை ஹெட்போனின் மென்பொருள் மறுமுறை கணித்தால் இரண்டும் குழம்பும். இன்னொரு தவறு அடிக்குரலை மிகைப்படுத்தலாகும். வெடிப்பின் அதிர்வு நெஞ்சிற் படுவது வாங்குவோரைக் கவரும். ஆயின் பலத்த தாழ்ந்த ஒலி தனக்கு மேலுள்ள நலிந்த ஒலிகளை மறைக்கும் என்பது கேட்டலியலின் பழைய பாடம். மறைக்கப்படுவது பெரும்பாலும் காலடியே. இதனாலேயே அனுபவமுடைய ஆட்டக்காரர் பலர் ‘விளையாட்டு’ முத்திரையில்லாத, ஒலிப்பதிவுக் கூடங்களுக்கென ஆக்கப்பட்ட கருவிகளை நாடினர். 1985இல் வந்த பெயர்டைனமிக் டீ.ரீ. 770, டீ.ரீ. 990 ஆகியன இவ்வாறு இரண்டாம் வாழ்வு பெற்றன. 250 ஓம், 600 ஓம் என்ற பெரிய எண்களை உயர்தரம் எனக் கருதி வாங்கி, கணினியின் சாதாரணத் துளையிற் செருகி, ஒலி போதவில்லையெனக் குறைப்பட்டோரும் உண்டு. 2014இற் புகழ்பெற்ற ஹைப்பர்எக்ஸ் கிளவுட்டும், சீனத்துத் தக்ஸ்ரார் நிறுவனத்தின் ப்ரோ 80 என்னும் ஒலிப்பதிவு ஹெட்போனை அடியொற்றியதே. கம்பியில்லாக் கருவிகளைப் பொறுத்தவரை, புளூடூத்தின் வழக்கமான தாமதம் களத்துக்கு ஒவ்வாதென்பதால் தனி வாங்கியுடன் கூடியவையே ஏற்கப்பட்டன என்பதுடன் அமையலாம்.

வீட்டில் ஆடுபவருக்குத் திறந்த ஹெட்போன் ஏற்றதென்ற முடிவு, அரங்கிற்குட் புகுந்ததும் உடைந்தது. போட்டி வீடியோ விளையாட்டு பார்வையாளரைப் பெற்றபோது, பார்வையாளர் ஆட்டக்காரருக்குத் தெரியாததை அறிந்தவராயினர். அவர்களது திரையில் இரு தரப்பும் தெரியும். சுவருக்குப் பின்னால் மறைந்திருப்பவனை நோக்கி ஒருவர் நெருங்கும்போது எழும் ஆரவாரமே காட்டிக்கொடுப்பாகிவிடும். தென்கொரியாவின் ஸ்டார்கிராஃப்ட் போட்டிகளில் ஆட்டக்காரர் ஒலிபுகாக் கண்ணாடி அறைகளுள் அமர்த்தப்பட்டமைக்கு இதுவே காரணம். பின்னர் பெரும் போட்டிகள் பலவற்றில், காதுத் துளைக்குள் ஒரு சிறு இயர்போனும், அதன்மேல் இரைச்சல் ஒலிக்கும் பெரிய மூடிய ஹெட்போனும் அணியும் வழக்கம் ஏற்பட்டது. ஆட்டக்காரர் விளையாட்டைக் கேட்பது உள்ளேயுள்ள இயர்போனில். மேலேயுள்ளது அரங்கை மறைக்கும் திரை மட்டுமே. ஆயின் ஒளிப்படக் கருவிக்குத் தெரிவது மேலுள்ளதே. அனுசரணை நிறுவனத்தின் பெயரும் அதன்மேலேயே. வெற்றியாளரின் தலையிற் கண்டதை வாங்கும் இளைஞன், அவ்வெற்றியாளர் ஒருவேளை அதன் வழியே ஒரு காலடியையேனும் கேட்டிராத கருவியை வாங்குகின்றான். தொலைபேசிப் பணியாளரின் தோளிற் சுமந்த கருவியில் இத்தகைய நாடகம் இருக்கவில்லை.

இத்தெரிவில் இன்னொன்றும் பணயம் வைக்கப்பட்டுள்ளது. காலடியைக் கேட்க ஒலியைக் கூட்டுபவரின் காதுகளில் துப்பாக்கி வெடியும் அதே அளவிற் கூடுகின்றது. வளர்ந்தோருக்கு வாரத்தில் 40 மணிநேரம் 80 டெசிபெல் என்பது உலக சுகாதார நிறுவனம் காட்டும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடுகைக்கும் அந்நேரம் பாதியாகக் குறையும். 89 டெசிபெலில் அது 5 மணிநேரமே. விளையாட்டாளரின் செவிப்புலன் பற்றி 2024இல் பி.எம்.ஜே. பப்ளிக் ஹெல்த் இதழில் வெளியான மீளாய்வு, 50,000 பேருக்கு மேற்பட்டோர் அடங்கிய 14 ஆய்வுகளைத் தொகுத்து, ஒலியளவுகள் பல வேளைகளில் இத்தகைய எல்லையை நெருங்குவதாகவோ கடப்பதாகவோ காட்டியது. இரைச்சலால் முதலிற் பழுதடைவன 4,000 ஹேர்ட்சை அண்டிய உயர்ந்த மீடிறன்களைக் கேட்கும் உணர்கலங்களாகும். முன்னையும் பின்னையும், மேலையும் கீழையும் பிரித்தறிய உதவும் புறச்செவிக் குறிப்புகள் தங்கியிருப்பதும் பெரும்பாலும் அவ்வுயர்ந்த பகுதியிலேயே.

2018இல் ஃபோர்ட்நைட் விளையாட்டின் கைத்தொலைபேசி வடிவம், அருகிற் கேட்கும் காலடியையும் வெடியையும் திசைகாட்டும் படக்குறிகளாகத் திரையிற் காட்டியது. கைத்தொலைபேசியில் ஹெட்போனின்றி ஆடுவோர் பலர் என்பது வெளிப்படை. பின்னர் அவ்வசதி கணினிக்கும் வந்தபோது, செவிப்புலன் அற்றோர் ஏனையோருடன் ஒரே களத்தில் ஒப்பநின்று ஆட வழிபிறந்தது. செவியுடையோரும் அதனை இயக்கிக்கொள்ளத் தொடங்கினர். ஹெட்போனுக்குச் செலவிட்டோருள் ஒரு பகுதியினர் அதனை முறையற்ற உதவி என்றனர்.