பெருங்குடலில் வாழும் பற்றீரியாக்களும் வயிற்றோட்டமும்

நாம் உண்ணும் மாப்பொருள் முழுவதையும் எங்கள் உடல் சமிபாடு செய்வதில்லை. உமிழ்நீரிலும் சதையச் சாற்றிலும் உள்ள அமைலேசு நொதியத்துக்கு மசியாத ஒரு பகுதி, சிறுகுடலைக் கடந்து பெருங்குடலுக்குப் போய்விடுகிறது. அங்குள்ள பற்றீரியாக்களிடம் எங்களிடம் இல்லாத நொதியங்கள் உண்டு. ருமினோகொக்கஸ் புரோமி என்ற இனம் இதில் கைதேர்ந்தது. அது உடைத்துக் கொடுப்பதை ஏனைய பற்றீரியாக்கள் பியூற்றிரேற்று போன்ற கொழுப்பமிலங்களாக மாற்றுகின்றன. பெருங்குடற் கலங்களுக்கு அதுவே பிரதான எரிபொருள். இவ்வமிலங்கள் உறிஞ்சப்படும்போது சோடியமும் தண்ணீரும் கூடவே உடலுக்குள் திரும்புகின்றன.

முகாமில் இருந்தவர்களுக்கு இந்தக் கடைசி வரியின் பெறுமதி விளங்கும். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு நடந்தபோது நான் சிறுபிள்ளை. ஒரு பள்ளிக்கூடம், ஒரு கிணறு, எண்ணமுடியாத குடும்பங்கள். வயிற்றோட்டம் வந்தால் அம்மா ஜீவனி கரைத்துத் தருவார். அதிலுள்ள குளுக்கோசு, சிறுகுடல் உப்பையும் தண்ணீரையும் உறிஞ்ச உதவுகிறது. அது உயிரைக் காக்கும். ஆனால் வயிற்றோட்டம் அதனால் சீக்கிரம் நின்றுவிடாது.

பெருங்குடலையும் வேலைக்கு இழுத்தால் என்ன என்று கேட்டவர்கள், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் வைத்தியர் பி. எஸ். ராமகிருஷ்ணா குழுவினர். கொலரா நோயாளர் 48 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழமையான கரைசல். இன்னொன்றுக்கு அதனுடன் அரிசிமா. மூன்றாவதுக்கு, லீற்றருக்கு 50 கிராம் வீதம், எளிதில் சமிபாடடையாத சோள மாப்பொருள். வழமையான கரைசல் குடித்தவர்களுக்கு வயிற்றோட்டம் சராசரியாக 91 மணித்தியாலம் நீடித்தது. சோள மாப்பொருள் குழுவில் ஏறத்தாழ 57. முடிவுகள் 2000ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்தன. சிறிய ஆய்வுதான். ஆனாலும் மருந்தின் பாதி வேலையைப் பற்றீரியாக்களின் நொதியங்களிடம் ஒப்படைத்த துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது.

உடனே பழஞ்சோற்றுப் பானையை நினைப்போம். ஆறிய சோற்றிலும் இத்தகைய மாப்பொருள் கொஞ்சம் உருவாகும் என்பது உண்மை. ஆனால் வேலூரில் கொடுத்தது அதுவல்ல, அளவும் வேறு. அழுக்குத் தண்ணீரில் ஊறிய சோறு வயிற்றோட்டத்தைக் கூட்டவும் செய்யும்.

பிள்ளைக்கு வயிற்றோட்டமென்றால் கொதித்தாறிய நீரில் ஜீவனி கரைத்துக் கொடுங்கள். தாய்ப்பாலையோ வழமையான சாப்பாட்டையோ நிறுத்த வேண்டாம். கண் குழிவிழுந்தாலோ மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.