உரைக்கோப்பு வடிவ மாற்றம் (தமிழ்)

உரைக்கோப்பு வடிவ மாற்றம் என்பது ஓர் இயங்குதளத்தில் உருவான வெறும் உரைக் கோப்பை, எழுத்தும் வரியும் குலையாமல் மற்றோர் இயங்குதளத்தில் படிக்கும்படி மாற்றி எழுதுவது. தமிழில் இதற்கு இரண்டு அடுக்குகள்: வரி முடிவு, எழுத்துக் குறியாக்கம். தமிழ் உரை பாழாவது பெரும்பாலும் இரண்டாவதில்தான்.

வரி முடிவை விண்டோஸ் 13, 10 என்னும் இரு குறிகளால் காட்டுகிறது. யூனிக்ஸும் லினக்ஸும் 10 மட்டும். பழைய மேக் 13 மட்டும். மேக் ஓஎஸ் டென் 2001இல் யூனிக்ஸ் வழிக்கு வந்தது. லினக்ஸ் கோப்பை விண்டோஸின் நோட்பேடில் திறந்தால் எல்லாம் ஒரே வரியாக ஓடும் தொல்லை 2018 வரை இருந்தது. டாஸ்டுயூனிக்ஸ் போன்ற சிறு கருவி இதை நொடியில் சரிசெய்யும், எழுத்துக்குச் சேதமில்லை.

குறியாக்கம் அப்படியல்ல. 1990களில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தன் விருப்பப்படி எழுத்துகளை அடுக்கியிருந்தது. இணையத் தமிழர் கூடி உருவாக்கிய டிஸ்கி குறியாக்கமும், 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற டாம், டாப் ஆகியவையும் இதை ஒழுங்குக்குக் கொண்டுவர முயன்றன. 1998இல் கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் நூல்களை டிஸ்கியில் வெளியிட்டுப் பின்னர் உலகப் பொதுக் குறியாக்கமான யூனிகோடுக்கு வந்தது. தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது 2010இல்.

டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும்போது எழுத்து எப்படிக் குலைகிறது என்பதற்குக் கன்னியாகுமரி மாவட்டத்துப் புதுக்கடையின் பெயரை எடுத்துக்கொள்வோம். டிஸ்கியில் அது ஆறு பைட்டு: பு, து, க், க, பிறகு ஐகாரக் கொம்பு, கடைசியில் ட. கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு முந்துகிறது. யூனிகோடில் ஒலி வரிசைதான் கணக்கு. ட முதலில், ஐகாரக் குறி அதன்பின். ஒன்பது குறிகள், யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவில் 27 பைட்டு. வரிசையை மாற்றாமல் குறிக்குக் குறி மட்டும் மாற்றும் கருவி ‘புதுக்கைட’ என்று எழுதிவிடும். தென் திருவிதாங்கூர்த் தமிழர் போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11 அன்று இவ்வூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டைத் தேடுபவருக்கு அந்தக் கோப்பு அகப்படவே அகப்படாது. அதனால் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு மூன்றையும் மெய்யெழுத்துக்குப் பின்னே நகர்த்துவதே நல்ல மாற்றியின் முதல் வேலை. லினக்ஸின் ஐகான்வ் என்னும் மாற்றுக் கருவி டிஸ்கியை அறியும். சுரதாவின் பொங்குதமிழ், என்எச்எம் மாற்றி ஆகியவை வேறு பல எழுத்துருக்களையும் கையாண்டன.

யூனிகோடு வந்தபின்னும் இடர் தீரவில்லை. யூடிஎஃப்-8 கோப்பை மேலைக் குறியாக்கமாகத் திறந்தால் குறிக்கு மூன்று அந்நியக் குறிகள் தெரியும். சேமிக்காமல் மூடிவிட்டு, சரியான குறியாக்கத்தைத் தேர்ந்து திறந்தால் மீண்டுவிடும். விண்டோஸில் ‘ஆன்சி’ என்று சேமித்தால் கதை வேறு. தமிழுக்கு அங்கே ஆன்சிப் பட்டியலே கிடையாது. ஒவ்வொரு குறியும் கேள்விக்குறியாகும், அதிலிருந்து மூலத்தை மீட்க வழியில்லை. மாற்றும் முன் மூலக் கோப்பைப் படியெடுத்து வைக்கச் சொல்வது இதனால்தான். நோட்பேடு தன் இயல்பான தெரிவை ஆன்சியிலிருந்து யூடிஎஃப்-8க்கு மாற்றியது 2019இல்.

கோப்பின் பெயரிலும் இச்சிக்கல் உண்டு. அதே வட்டாரத்துக் கொல்லங்கோட்டின் பெயரை ஒரு கோப்புக்கு வைத்தால், மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு அமைப்பு ஒகர, ஓகாரக் குறிகளைக் கொம்பு, கால் என்று பிரித்துச் சேமிக்கும். லினக்ஸுக்கு வந்ததும் பெயர் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். சேர்ந்த குறிகளைத் தட்டித் தேடினால் கிடைக்காது. கோப்பின் பெயரையும் தேடும் சொல்லையும் ஒரே யூனிகோடு இயல்பு வடிவுக்குக் கொண்டுவந்த பிறகே தேடல் பலிக்கும்.