தாலியும் பதிவேடும்: தென்னாப்பிரிக்காவில் வழக்காற்று மணங்கள்

வழக்காற்றுச் சட்டம் என்பது, ஒரு சமூகம் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்டு வந்ததனாலேயே அதனைக் கட்டுப்படுத்தும் வலிமை பெற்றுவிட்ட நெறியாகும். அது ஏட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டியதில்லை, ஊரும் உறவுமே அதற்குச் சாட்சி. சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பரில் நட்டால் கரையை அடைந்தது முதல், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழரும் தெலுங்கரும் இந்நெறியைத் தங்களோடு கொண்டு சென்றனர். பெரியோர் முன்னிலையில் மஞ்சள் கயிற்றில் மூன்று முடிச்சு விழுந்ததும் பெண் மனைவியானாள். அதற்குமேல் ஒரு தாள் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. நட்டாலின் 1891ஆம் ஆண்டு 25ஆம் எண் சட்டமோ, ஒப்பந்தக் குடியேறிகளைக் கண்காணிக்க அரசு அமர்த்திய ‘காப்பாளர்’ என்னும் அதிகாரியின் பதிவேட்டில் அவர்களுடைய மணங்கள் ஏற வேண்டும் என்றது.

1913 மார்ச் 14 அன்று கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சர்ல் வழங்கிய தீர்ப்பு இந்த நிலையை நெருக்கடியாக்கியது. கேப் மாகாணத்தில் குடியேறியிருந்த ஒருவர் இந்தியாவில் இஸ்லாமிய முறைப்படி மணந்த மனைவியை நாட்டுக்குள் அனுமதிக்க மறுத்தது சரியே என்றும், பலதார மணத்துக்கு இடமளிக்கும் சமய முறையில் நடந்த மணம் அந்நாட்டுச் சட்டத்தின் கண்ணில் மணமாகாது என்றும் அத்தீர்ப்பு கூறியது. கணவனுக்கு உண்மையில் எத்தனை மனைவியர் என்பதை விட்டு, அவனுடைய சமயம் எத்தனை பேரை அனுமதிக்கிறது என்பதையே அளவுகோலாகக் கொண்டதுதான் இதன் பெருங்கொடுமை. ஒரே மனைவியோடு முப்பது ஆண்டுகள் வாழ்ந்தவனுடைய இல்லறமும் இந்த அளவுகோலில் தேறாது. இந்த அளவுகோலின் வேர் இங்கிலாந்தில் இருந்தது; 1866இல் அமெரிக்காவில் நடந்த மோர்மோன் சமய மணம் ஒன்றைப் பற்றிய வழக்கில், ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பிறர் எவரையும் விலக்கி வாழ்நாள் முழுமைக்கும் இணைவதே மணம் என்று பென்சான்ஸ் பிரபு வகுத்த இலக்கணம் பேரரசின் நீதிமன்றங்கள் பலவற்றில் செல்வாக்குப் பெற்றது. கிழக்கு ஆப்பிரிக்காவில் 1917ஆம் ஆண்டின் அம்கேயோ வழக்கில் தலைமை நீதிபதி ஹாமில்டன், ஆப்பிரிக்க வழக்காற்று மணத்தை மனைவியை விலைக்கு வாங்குவதாகவே கருதி, கணவனுக்கு எதிராக மனைவி சாட்சி சொல்வதைத் தடுக்கும் காப்பு அவளுக்குப் பொருந்தாது என்றார்.

சர்ல் தீர்ப்பு இந்தியப் பெண்களைத் தெருவுக்கு அழைத்து வந்தது. காந்தியின் தால்ஸ்தாய் பண்ணையோடு தொடர்புடைய பதினொரு பெண்கள், பெரும்பாலும் தமிழச்சிகள், அவர்களுள் ஆறு பேர் இடுப்பில் கைக்குழந்தையோடு, நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று, விடுதலை பெற்ற கூலிகள் மீதிருந்த மூன்று பவுன் தலைவரியை எதிர்த்து வேலையை நிறுத்துமாறு தொழிலாளரை வேண்டினர். மூன்று மாதக் கடுங்காவலும் பெற்றனர். காந்தியின் மனைவி கஸ்தூர்பாவும் சிறை சென்றார். தில்லையாடி வள்ளியம்மை சிறையில் கண்ட காய்ச்சலோடு வெளிவந்து, 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் உயிர்நீத்தார்.

அவ்வாண்டின் இந்தியர் துயர்நீக்கச் சட்டம் தலைவரியை ஒழித்தது; இந்தியச் சமயக் குருமாரை மணப்பதிவு அலுவலர்களாக அமர்த்த வழிசெய்து, நடைமுறையில் ஒரே மனைவியுடைய பழைய மணங்களைத் தம்பதியர் விண்ணப்பித்துப் பதிந்துகொள்ளவும் அனுமதித்தது. ஆயினும் பதியாத தாலிக்கு அச்சட்டத்தில் இடமிருக்கவில்லை. 1998இல் மக்களாட்சித் தென்னாப்பிரிக்கா இயற்றிய வழக்காற்று மணங்கள் ஏற்புச் சட்டமும், வழக்காறு என்பதற்கு ஆப்பிரிக்கப் பூர்வகுடி மக்களின் வழக்காறு என்றே பொருள் வரையறுத்தது.