விழிப்புலனற்ற சிறார்க்கான உடற்கல்வி: ஒரு வரலாற்று நோக்கு

விழிப்புலனற்ற சிறாரின் கல்வி வரலாறு பெரும்பாலும் எழுத்துமுறையின் வரலாறாகவே எழுதப்பெற்றுள்ளது. 1829-இல் லூயி பிரெயில் வெளியிட்ட புள்ளியெழுத்து அதன் நடுநாயகமாக விளங்குகின்றது. விரல்கள் படிக்கக் கற்றதை விரிவாகக் கூறும் நூல்கள், கால்கள் ஓடக் கற்றதைச் சுருக்கமாகவே சுட்டிச் செல்கின்றன. அவ்விடைவெளியை ஈண்டு நோக்குவோம்.

1832-இல் பாஸ்டன் நகரில் பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கி நடத்திய சாமுவேல் கிரிட்லி ஹவ் ஒரு மருத்துவர். மாணவரின் உடல்நலிவுக்கு இயக்கமின்மையும் ஒரு காரணம் எனக் கண்ட அவர், உடற்பயிற்சியைக் கல்வியின் ஒரு கூறாக்கினார். பின்னர் பெர்க்கின்ஸ் எனப் பெயர்பெற்ற அப்பள்ளியில் இசை கற்பித்தவர் பிரான்சிஸ் ஜோசப் கேம்பெல். சிறுவயதிலேயே பார்வையிழந்த இவர், 1872-இல் தாமஸ் ஆர்மிட்டேஜ் என்பாருடன் இணைந்து இலண்டனில் ஒரு கல்லூரியை நிறுவினார். மாணவர் இசையாலும் பியானோச் சுதி சேர்ப்பாலும் சொந்தக் காலில் நிற்கவேண்டும் என்பது அதன் நோக்கம். உடல்வலிமையும் தன்னம்பிக்கையும் இன்றி அந்நோக்கம் ஈடேறாது எனக் கருதிய கேம்பெல், நீச்சல், படகோட்டம் முதலியவற்றிற்கு இடமளித்தார். 1880-இல் அவரே மோன் பிளாங்க் சிகரத்தில் ஏறினார்.

எனினும், இவையாவும் பார்வையுடையோரின் பயிற்சிகளைத் தழுவியனவே. இரண்டாம் உலகப்போரில் பார்வையிழந்த வீரர்களின் மறுவாழ்வுக்கென 1946-இல் உருவான 'கோல்பால்' புதிய திசையைக் காட்டியது. ஆஸ்திரியரான ஹான்ஸ் லோரன்சன், செருமானியரான செப் ரைன்டில் ஆகியோர் இதனை வகுத்தனர். அணிக்கு மூவர் ஆடும் இவ்விளையாட்டில் 1.25 கிலோகிராம் எடையுள்ள பந்தினுள் மணிகள் ஒலிக்கும். எல்லைக் கோடுகளைத் தொட்டுணரலாம். ஆட்டக்காரர் அனைவரும் கண்களை மறைத்துக்கொள்வர். பார்வையாளர் அமைதி காப்பர். 1976-இல் டொரோண்டோ பாராலிம்பிக்கில் இது பதக்க விளையாட்டாயிற்று. வீரர்க்கென எழுந்த இவ்விளையாட்டு பின்னர்ப் பள்ளிகளுக்கும் பரவியது.

இவ்விரு கட்டங்களையும் ஒப்புநோக்கின் ஓர் உண்மை புலனாகும். முன்னது, குழந்தையின் நலிவுக்குப் பார்வையின்மை மட்டும் காரணமன்று. இயங்கவிடாத அச்சமும் காரணம் என்று உணர்த்தியது. பின்னது, விளையாட்டின் விதிகளையே செவிக்கும் தொடுவுணர்வுக்கும் ஏற்ப அமைக்கலாம் என்று மெய்ப்பித்தது. ஆகவே, விளையாட்டு நேரத்தில் பார்வையற்ற மாணவரைப் பாதுகாப்புக் கருதி ஓரமாக அமர்த்திவைப்பது பரிவாகத் தோன்றினும், அது கல்வி மறுப்பே என்பது நம் துணிபு. குழந்தையின் குறையை அளக்குமுன், ஆடுகளத்தின் குறையை அளப்பதே ஆசிரியர்க்கு அழகு.