ஃபிளஷ்ஷின் விலை ஆறு கினி

இன்னைக்கு ஒரு நாய்க்குட்டியோட கதை. கட்டுக்கதை இல்லை, அதை வளர்த்தவங்க அன்னன்னைக்குக் கடிதத்துல எழுதி வெச்ச வரலாறு.

லண்டன், விம்போல் ஸ்ட்ரீட், 50ஆம் நம்பர் வீடு. மாடி அறையில கவிஞர் எலிசபெத் பேரெட். பல வருஷமா நோயாளி, வெளியே போறதே அபூர்வம். 1840ல அவங்களோட பிரியமான தம்பி கடல்ல மூழ்கி இறந்துட்டார். அந்தத் துக்கத்துல இருந்து மீளாத சமயத்துல, 1841 ஆரம்பத்துல, எழுத்தாளர் மேரி ரஸ்ஸல் மிட்ஃபோர்டு ஒரு சின்ன காக்கர் ஸ்பானியலை அனுப்பி வெச்சாங்க. பேரு ஃபிளஷ். அன்னையில இருந்து அவங்க அறையில ரெண்டு பேர் குடியிருந்தாங்கன்னுதான் சொல்லணும்.

அந்தக் கால லண்டன்ல நாய்த் திருட்டு ஒரு தொழில். திருடி விக்கிறதை விட, திருடி வளர்த்தவங்ககிட்டயே திருப்பி விக்கிறதுலதான் லாபம். இதுக்குச் சட்டமும் ஒரு வகையில துணை. இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டப்படி, ஆசைக்கு வளர்க்கிற நாய் திருட்டு வழக்குக்குரிய சொத்தே கிடையாது. நாயோட கழுத்துப்பட்டையைத் திருடினா அது திருட்டு. நாயைத் திருடினா இல்லை! இதைப் படிச்சப்போ நான் ரெண்டு தடவை சரிபார்த்தேன். 1845ல வந்த தனிச் சட்டம், திருட்டு நாயைத் திருப்பித் தரப் பணம் வாங்குறதையும் குற்றமாக்குச்சு. ஆனா சட்டம் கணக்குல எடுக்காத பாசத்தைத் திருடர்கள் எப்பவோ எடை போட்டு வெச்சிருந்தாங்க.

ஃபிளஷ்ஷை 1843ல ஒரு தடவை, 1844ல ஒரு தடவை தூக்கினாங்க. ரெண்டு தடவையும் பணம் கொடுத்து மீட்டாச்சு. மூணாவது தடவை 1846 செப்டம்பர் 1, புதுச் சட்டம் வந்த அடுத்த வருஷம். எலிசபெத் தங்கையோட வேர் ஸ்ட்ரீட் கடைகளுக்குப் போயிட்டு வண்டியில ஏறித் திரும்பிப் பார்த்தா, நாயைக் காணோம்.

கூட்டத்துக்குத் தலைவன் டெய்லர்னு ஒருத்தன். கேட்டது ஆறு கினி. அப்பா பேரெட், தரக் கூடாதுன்னுட்டார். ராபர்ட் பிரௌனிங் தெரியுமில்லையா, எலிசபெத் ரகசியமா கல்யாணம் பண்ணப் போற கவிஞர், அவரும் அதே கட்சி. நாம கொடுக்கக் கொடுக்க அவன் அடுத்த வீட்டு நாயைத் தூக்குவான்னு வாதம். நியாயம்தான். (ரெண்டு மாசம் முன்னாடி ஜூலையில ஃபிளஷ் அவரைக் கடிச்சிருந்தது என்பதையும் சொல்லி வெக்கிறேன்.) எலிசபெத் திருப்பிக் கேட்ட கேள்வி ஒண்ணுதான்: கொள்ளைக்காரங்க என்னையே பிடிச்சுட்டுப் போனாலும் இந்தக் கொள்கையைத்தான் பேசுவீங்களா? பணம் தர இழுத்தடிச்ச ஒரு அம்மாவுக்கு நாயோட தலை பார்சல்ல வந்ததுன்னு அவங்க கேள்விப்பட்டிருந்தாங்க.

கடைசியில, மாடியை விட்டு இறங்காத அந்தப் பெண்மணி குதிரை வண்டி பிடிச்சு, ஷோர்டிச் சேரிக்குள்ள டெய்லர் வீட்டுக்கே போனாங்க. கூட அவங்க பணிப்பெண் வில்சன், பயந்து நடுங்கிக்கிட்டே. டெய்லர் வீட்ல இல்லை, அவன் மனைவிகிட்ட பேசிட்டு வந்தாங்க. அப்புறம் டெய்லரே விம்போல் ஸ்ட்ரீட்டுக்கு வந்தான். விஷயம் முடியுற நேரத்துல தம்பி ஆல்ஃப்ரெட் குறுக்கே வந்து, பொய்யன், திருடன்னு திட்ட, நாயை இனிமே பார்க்கவே மாட்டீங்கன்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டான். எலிசபெத் அப்பவே மறுபடி ஷோர்டிச் கிளம்பத் தயார். வீட்ல எல்லாரும் தடுத்தாங்க. இன்னொரு தம்பி செப்டிமஸ் போய்ப் பணம் கட்டினார். ராத்திரி எட்டு மணிக்கு ஃபிளஷ் வந்து சேர்ந்தது. அழுக்கு, மெலிவு, அடங்காத தாகம்.

மூணு தடவைக்கும் சேர்த்துச் செலவு சுமார் 20 பவுண்டு. வில்சனோட வருஷச் சம்பளம் 16 பவுண்டு. இந்த ரெண்டு எண்ணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா எனக்கு என்னவோ செய்யுது. நாய் மேல வெச்ச அன்பு பொய்யில்லை. ஆனா அந்த வண்டியில நடுங்கிக்கிட்டே வந்த பொண்ணு அதைப் பத்தி என்ன நினைச்சிருப்பா? பத்து வருஷம் கழிச்சு வந்த ‘அரோரா லீ’ காவியத்துல எலிசபெத் லண்டன் ஏழைகளின் தெருக்களை எழுதினாங்க. ஷோர்டிச் பயணம் அதுல எங்கயோ இருக்குன்னு நான் நினைக்கிறேன்.

நாய் திரும்பின ஆறாம் நாள், செப்டம்பர் 12, அப்பாவுக்குத் தெரியாம எலிசபெத் ராபர்ட்டைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. ஒரு வாரத்துல இத்தாலிக்குக் கிளம்பினப்போ கூடப் போனது வில்சனும் ஃபிளஷ்ஷும். அப்பா கடைசி வரைக்கும் மகளை மன்னிக்கலை. ஃபிளாரன்ஸ்ல, காசா கீதிங்கிற வீட்ல புதுக் குடும்பம். திருட்டு பயம் இல்லாம ஃபிளஷ் தெருவுல இஷ்டத்துக்குச் சுத்துச்சு. தெள்ளுப்பூச்சி மட்டும் விடலை; ஒரு தடவை ராபர்ட்தான் முழு ரோமத்தையும் வெட்டி விட வேண்டியதாப் போச்சு. 1854ல அது செத்தப்போ, அந்த வீட்டு நிலவறையிலேயே புதைச்சாங்க.