ராணி மேரியிலிருந்து ஐஸ் ஹவுஸ் வரை

2003 ஏப்ரலில் மெரினா எதிரே உள்ள ராணி மேரிக் கல்லூரி மாணவிகள் வளாகத்தை விட்டு வெளியேற மறுத்து உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். 1914-இல் தொடங்கிய கல்லூரியை இடித்துவிட்டு அங்கே புதிய தலைமைச் செயலகம் கட்ட ஜெயலலிதா அரசு முடிவு செய்திருந்தது. சேதி பரவியது தொலைக்காட்சியிலும் காலைப் பேப்பரிலும் முன்னாள் மாணவிகளின் வீட்டுத் தொலைபேசிகளிலும்தான். செல்போன் வைத்திருந்தவர்கள் சிலரே. உள்வரும் அழைப்புக்கும் காசு பிடிக்கும் வழக்கம் அந்த ஆண்டில்தான் ஒழிந்தது. ஆதரவு சொல்ல வந்த மு.க. ஸ்டாலின் அத்துமீறி நுழைந்ததாகக் கைதானார். கல்லூரி பிழைத்தது.

அதே கடற்கரைச் சாலையில் சற்றே வடக்கே, விவேகானந்தர் இல்லமாகிவிட்ட பழைய ஐஸ் ஹவுஸ் எதிரே, 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுத் தடைக்கு எதிராகக் கூடியது வேறு வகைக் கூட்டம். நடுவில் போன பதினான்கு ஆண்டுகளில் சென்னை மாணவர்களின் கைக்கு என்னென்ன வந்து சேர்ந்தன என்று பார்த்தால்தான் அந்தக் கூட்டம் புரியும்.

முதலில் ஆர்குட். 2004-இல் கூகுள் தொடங்கியது. யாராவது அழைத்தால்தான் உள்ளே போக முடியும் என்பதே ஆரம்பத்தில் அதன் கவர்ச்சி. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத பிள்ளைகள் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து, பலகைத் தடுப்புக்குள் உட்கார்ந்து, நண்பர்களுக்கு ‘ஸ்கிராப்’ எழுதினார்கள். கல்லூரிக்கு ஒரு கம்யூனிட்டி, பிடித்த நடிகருக்கு ஒன்று, பிடிக்காத நடிகரைத் திட்டுவதற்கு இன்னொன்று. சென்டரை விட்டு எழுந்தால் பேச்சு அதோடு அறுந்துவிடும். ஊரைக் கூட்ட அது போதாது.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. அரசு, அரசு உதவிபெறும் பள்ளி கல்லூரிகளின் மாணவர்களுக்கு அது கிடைத்தது. சமூக ஊடகத்தை வசதியான வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று எழுதுகிறவர்கள் இந்தத் தேதியை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

2013 மார்ச் 8 அன்று லயோலா கல்லூரி மாணவர்கள் எட்டுப் பேர் இலங்கைப் பிரச்சினைக்காக உண்ணாவிரதம் உட்கார்ந்தபோது மாற்றம் வெளியே தெரிந்தது. பிரபாகரனின் மகன் பாலச்சந்திரன் கொல்லப்படுவதற்குச் சற்று முன் எடுத்தவை என்று சேனல் 4 வெளியிட்ட படங்கள், அதற்குச் சில வாரங்கள் முன்பே பேஸ்புக்கில் கைமாறத் தொடங்கியிருந்தன. போலீஸ் எட்டுப் பேரையும் அப்புறப்படுத்தியதும் போராட்டம் மாநிலம் முழுக்கப் பற்றிக்கொண்டது. அரசு கல்லூரிகளை மூடியது. கல்லூரியை மூடினால் கூட்டம் கலையும் என்பது 1965 மொழிப்போர்க் காலத்துக் கணக்கு. இப்போது ஊருக்குப் போன பிள்ளைகள் பேஸ்புக்கையும் கூடவே கொண்டுபோனார்கள்.

அடையாறு பக்கம் ஐ.ஐ.டி.யில் நடந்தது வேறு கதை. அங்கே 2014-இல் உருவான அம்பேத்கர்–பெரியார் வாசகர் வட்டத்தின் அங்கீகாரத்தை, மத்திய அமைச்சகத்துக்குப் போன ஒரு மொட்டைக் கடிதத்தின் தொடர்ச்சியாக, 2015 மே மாதம் நிர்வாகம் நீக்கியது. ஒரு வளாகத்துக்குள் சில டஜன் பேர் அறிந்திருக்கக்கூடிய விஷயம் அது. ட்விட்டரில் ராகுல் காந்தியும் ஸ்மிருதி இரானியும் மோதிக்கொள்ளும் அளவுக்குப் போனது. ஜூன் 7 அன்று அங்கீகாரம் திரும்பிவிட்டது.

அந்த டிசம்பரில்தான் பெரிய ஒத்திகை. டிசம்பர் 1 இரவு அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் மூழ்கின. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. மறுநாள் சென்னையில் ‘தி இந்து’ ஆங்கில நாளிதழ் அச்சாகவில்லை. 1878-இல் தொடங்கிய பத்திரிகை. பேப்பர் வராத ஊரில் ஹேஷ்டேக்குகளும், யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய கூகுள் பட்டியல்களும் அதன் வேலையைச் செய்தன: எங்கே படகு, யாருக்கு இன்சுலின், எந்த வீட்டில் இரவு தங்கலாம். நகரத்தில் சார்ஜ் தீர்ந்து போன்கள் செத்தபோது வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் இருந்தவர்கள் தகவலைக் கடத்தினார்கள். முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன, இன்னும் பேய்மழை வரும் என்று நாசா சொல்லிவிட்டது என்ற புரளிகளும் அதே வழியில்தான் வந்தன. மாணவர்கள் இரண்டையும் கற்றுக்கொண்டார்கள்.

மிச்சமிருந்தது டேட்டா விலை. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ இலவச 4ஜி-யோடு வந்தது; இலவசம் 2017 மார்ச் வரை நீண்டது. ஜனவரி 17 அன்று, ஜல்லிக்கட்டு கேட்டு அலங்காநல்லூரில் போராடியவர்கள் கைதான காட்சி வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு கையிலும் ஓடியதற்கு உணர்ச்சி மட்டும் காரணமில்லை. பகலில் ஐஸ் ஹவுஸ் எதிரே சில நூறு பேர், இரவுக்குள் ஆயிரங்கள். விளக்குகள் அணைந்தபோது செல்போன் வெளிச்சத்தைத் தூக்கிப் பிடித்தார்கள். பெண்கள் இரவுகளில் அங்கேயே தங்கினார்கள். கட்சிக்கொடி ஏறவில்லை, மேடையில் தலைவர் இல்லை. அதுவே அந்தக் கூட்டத்தின் பெருமையாகப் பேசப்பட்டது.

ஆனால் தலைவர் இல்லாத கூட்டத்திடம் ‘முடிந்தது, கிளம்பலாம்’ என்று யார் சொல்வது? ஜனவரி 21 அன்று ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் அவசரச் சட்டம் வந்துவிட்டது. ‘டக்கரு டக்கரு’ பாட்டால் ஜல்லிக்கட்டை இளைஞர்களிடம் கொண்டுசேர்த்த ஹிப்ஹாப் ஆதி, 22 அன்று பேஸ்புக் வீடியோவில் தான் விலகுவதாகச் சொன்னார். மணலில் இருந்தவர்களில் பலர் அசையவில்லை. அவசரச் சட்டத்தை நம்ப அவர்கள் தயாராக இல்லை. 23 காலை போலீஸ் அப்புறப்படுத்தத் தொடங்கியது. ஐஸ் ஹவுஸ் காவல் நிலையம் எரிந்தது. ஓடிவந்த மாணவர்களுக்கு வீட்டைத் திறந்துவிட்ட நடுக்குப்பத்தில் மீன் சந்தை சாம்பலானது. தீ வைத்தது போலீஸ்தான் என்றார்கள் மீனவப் பெண்கள். எஞ்சியிருந்தவர்களிடம் சட்டத்தை விளக்க ஓய்வுபெற்ற நீதிபதி அரி பரந்தாமன் நேரில் வர வேண்டியிருந்தது. வாட்ஸ்அப்பில் வந்த கூட்டம் கடைசியில் காகிதத்தில் அச்சடித்த சட்டத்தை ஒரு பெரியவர் வாயால் கேட்டது.

பாடம் படித்தது மாணவர்கள் மட்டுமல்ல. 2018-இல் காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு மறுபடி அழைப்புகள் சுற்றியபோது போலீஸ் முன்கூட்டியே மெரினாவில் குவிந்திருந்தது. திரண்ட சிலரை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அங்கே போராட அனுமதி இல்லை என்ற அரசின் நிலைப்பாட்டை உயர் நீதிமன்றமும் அந்த ஆண்டே ஏற்றது.