ஃபிங்கல்ஸ்டீன் பணி நிரந்தர விவகாரம்

சிகாகோவின் டிபால் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம், அரசியல் அறிவியல் பேராசிரியர் நார்மன் ஃபிங்கல்ஸ்டீனுக்கு 2007 ஜூனில் பணி நிரந்தரம் மறுத்ததால் எழுந்த சர்ச்சை. நாஜி வதைமுகாம்களில் உயிர்தப்பிய யூதப் பெற்றோரின் மகனான இவர், இஸ்ரேலின் பாலஸ்தீனக் கொள்கையைக் கடுமையாகச் சாடி வந்தவர். இவரது கண்டனத்துக்கு ஆளான ஹார்வர்டு சட்டப் பேராசிரியர் ஆலன் டெர்ஷோவிட்ஸ், நிரந்தரம் தரக்கூடாதென வெளிப்படையாகவே பிரசாரம் செய்தார். துறையில் 9–3, கல்லூரிக் குழுவில் 5–0 என வாக்குகள் ஆதரவாக விழுந்தன; பல்கலைக்கழகக் குழுவோ 4–3 என நிராகரித்தது. ஒரே வாக்கு வித்தியாசம்! சக அறிஞர்களைத் தனிப்பட்ட முறையில் தாக்குகிறார் என்பது முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. வெளி அழுத்தத்துக்குப் பணியவில்லை என்றது நிர்வாகம். மாணவர்கள் போராடினர். செப்டம்பர் 5 அன்று உடன்பாடு கண்டு அவர் விலகினார். விந்தை என்னவென்றால், அன்றைய கூட்டறிக்கை அவரைத் தலைசிறந்த ஆசிரியர் என்றே குறிப்பிட்டது.